முதலில் மோனோ, அப்புறம் ஸ்டீரியோ: வீட்டில் பாட்டு மிக்ஸ் செய்யத் தொடங்குபவர்களுக்கு

பழநிக்குப் பாதயாத்திரை போகும் உங்கள் குழு ஒரு முருகன் பாட்டைப் பாட, நீங்கள் அதைப் பதிவு செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்பாட்டுக்கு ஓர் ஆச்சி, பின்பாட்டுக்கு ஐந்தாறு பேர், ஆர்மோனியம், தவிலுக்கு இரண்டு மைக், நாகஸ்வரம், ஜால்ரா, சுருதிப் பெட்டி. எல்லாம் தனித்தனி ட்ராக்காக லேப்டாப்பில் நிற்கின்றன. பிளேயைத் தட்டினால் தவில் காதைப் பிளக்கிறது, ஆச்சியின் குரல் பின்கட்டிலிருந்து வருவதுபோல் கேட்கிறது. இவற்றை அளவு பார்த்து ஒரே பாட்டாகக் கலப்பதுதான் மிக்ஸ். இங்கிருந்து எப்படிப் போவது என்பதுதான் விஷயம்.

முதலில், இந்தப் பாட்டு கடைசியில் எங்கே ஒலிக்கப் போகிறது என்று யோசியுங்கள். கோயில் வாசலில் மைக் செட்காரர் கட்டும் குழாய் ஸ்பீக்கரில். வாட்ஸ்அப்பில் வந்ததைச் சொந்தக்காரர்கள் தட்டிக் கேட்கும் செல்போனில். நடக்கும்போது தோளில் தொங்கும் சின்ன புளூடூத் பெட்டியில். குழாய் ஸ்பீக்கர் மோனோ, அதாவது இடது, வலது என்று பிரியாத ஒரே ஒலி; பிரிந்து வருவது ஸ்டீரியோ. சின்னப் பெட்டியும் கிட்டத்தட்ட மோனோதான். குழாயில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலி பெரிதாக வராது, மேலே உள்ள கூரிய ஒலியும் ஐந்தாறு கிலோஹெர்ட்ஸோடு தேய்ந்துவிடும். அதனால் மோனோவில் நிற்காத மிக்ஸ் இந்தப் பக்கம் எங்கேயும் நிற்காது. வரிசை இதுதான்: மோனோவில் லெவல் (எது எவ்வளவு சத்தம்), அப்புறம் ஃபேஸ் (ஒரே ஒலியின் அலைகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா), ஸ்டீரியோ கடைசி. ஈக்யூ (கனத்த, கூரிய ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைப்பது), கம்ப்ரெஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) என்று ஆரம்பிக்கும் பாடங்களைக் கொஞ்ச நாளைக்குத் தள்ளி வையுங்கள். ஃபேடரால் (ட்ராக்கின் ஒலியளவை ஏற்றி இறக்கும் குமிழால்) தீராத சிக்கல் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்த பிறகு அவற்றைத் திறந்தால் போதும்.

1940-களில் ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடியில் ஸ்டூடியோ வைத்துப் படம் எடுத்தபோது பதிவான பாடல்கள் எல்லாமே மோனோதான். இடது, வலது என்று ஒதுக்கி வைக்க வழியே இல்லாமல், எது முன்னால் எது பின்னால் என்பதை அளவாலும் மைக்கிலிருந்து நிற்கும் தூரத்தாலும் மட்டுமே காட்டினார்கள். தொடங்குபவர்களுக்கு இது நல்ல பயிற்சி.

எங்கே உட்காருவது

செட்டிநாட்டு வீடு பார்க்க அழகு. கேட்கத்தான் கொஞ்சம் கஷ்டம். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, வெள்ளைக்கரு சேர்த்துப் பளபளவென்று தேய்த்த சுண்ணாம்புச் சுவர், பர்மா தேக்குத் தூண். ஒலி எங்கே பட்டாலும் திரும்பி வரும். பட்டாலையில் (கூடத்தில்) நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள், ‘டர்ர்’ என்று ஒரு சிதறல் கேட்கும். அங்கே உட்கார்ந்து மிக்ஸ் செய்தால் எதிரொலி பாட்டில் இருக்கிறதா, வீட்டில் இருக்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நடு வாசலோ மேலே திறந்து கிடப்பது. போன ஒலி திரும்பாது, அந்த வகையில் நல்லது. ஆனால் காக்கையும் பக்கத்து வீட்டு மிக்ஸியும் விடாது.

வளவை (நடு வாசலைச் சுற்றிய பகுதியை) ஒட்டிய அறைகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் தடித்த ஜமக்காளம், பக்கச் சுவர்களில் சாய்த்து வைத்த பஞ்சு மெத்தை, முதுகுக்குப் பின்னால் புடவையும் போர்வையும் தொங்கும் கொடி. இது போதும், காசு கொடுத்து ஃபோம் ஒட்ட வேண்டாம். ஸ்பீக்கர் இருந்தால் இரண்டையும் காது உயரத்தில், உங்கள் தலையோடு சேர்ந்து சம முக்கோணம் ஆகும்படி வையுங்கள். மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் (கனத்த அடி ஒலி) பொய்யாக ஊதிக் கேட்கும். அதை நம்பி நீங்கள் பேஸைக் குறைப்பீர்கள், வெளியே போனால் பாட்டு சப்பென்று இருக்கும். ஸ்பீக்கர் இல்லையென்றால் ஹெட்ஃபோனே போதும். ஸ்டீரியோ வேலைக்கு மட்டும் அது கொஞ்சம் ஏமாற்றும், பின்னால் சொல்கிறேன்.

ட்ராக்குகளைத் தயார் செய்வது

ரீப்பர் என்ற மிக்ஸ் மென்பொருள் 60 நாள் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கிறது. எதுவானாலும் சரி, ட்ராக்குக்கு ஒரு ஃபேடர், ஒரு பான் (ஒலியை இடம், வலம் நகர்த்துவது), ஒரு மியூட் (அந்த ட்ராக்கை அடக்குவது), ஒரு சோலோ (அதை மட்டும் கேட்பது) இருந்தால் போதும். ட்ராக்குகளுக்குப் பெயர் வையுங்கள்: ‘ஆச்சி’, ‘தவில் குச்சி’, ‘தவில் விரல்’, இப்படி. ‘ஆடியோ 07’ என்று விட்டுவிட்டால் மறுநாள் உங்களுக்கே விளங்காது.

அடுத்தது கெயின், அதாவது ஃபேடருக்கு வருமுன் ஒலிக்கு இருக்கும் அளவு. டிஜிட்டலில் உச்சவரம்பு 0 டெசிபல். அதைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும், வெட்டுப்பட்டதை மீட்க முடியாது. ஒவ்வொரு ட்ராக்கும் சராசரியாக -18 பக்கத்தில், உச்சம் -12 முதல் -6 வரைக்குள் இருக்கும்படி, ஃபேடரைத் தொடாமல், கிளிப்பின் (பதிவான ஒலித்துண்டின்) கெயினிலேயே சரி செய்யுங்கள். அப்போதுதான் ஃபேடர் 0-க்குப் பக்கத்திலேயே நடமாடும். ஃபேடரின் 0-க்குப் பக்கத்தில் விரலைக் கொஞ்சம் நகர்த்தினால் ஒன்றிரண்டு டெசிபல் மாறும். அடியில் அதே தூரம் நகர்த்தினால் பத்து டெசிபலுக்கு மேல் போய்விடும். நுணுக்கமாக வேலை செய்ய மேல்பகுதிதான் வசதி. அடுத்த தடவை பதியும்போது 24 பிட்டில் பதியுங்கள். அப்போது இரைச்சலுக்குப் பயந்து லெவலை உச்சிவரை ஏற்ற வேண்டியதில்லை.

லெவல்

மாஸ்டரை (எல்லா ட்ராக்கும் சேர்ந்து வெளியேறும் கடைசி ட்ராக்கை) மோனோவுக்கு மாற்றுங்கள். ரீப்பரில் மாஸ்டர் ட்ராக்கிலேயே பொத்தான் இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் ஒன்றை அணைத்துவிடுங்கள். மோனோவை ஒரே பெட்டியில் கேட்டால்தான் எது எதை மறைக்கிறது என்று பட்டவர்த்தனமாகத் தெரியும். ஒலியளவை, பக்கத்தில் ஒருவர் பேசினால் குரல் உயர்த்தாமலே காதில் விழும் அளவுக்குக் குறையுங்கள். இதற்குக் காரணம் உண்டு. ஒலி கூடக் கூடக் காதுக்குப் பேஸும் டிரெபிளும் (கூரிய மேல் ஒலியும்) தூக்கலாகக் கேட்கும் என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1933-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். சத்தமாக வைத்தால் எந்த மிக்ஸும் நன்றாக இருப்பதுபோல்தான் தோன்றும்.

எல்லா ஃபேடரையும் அடியோடு இறக்குங்கள். முதலில் ஆச்சியின் குரல் மட்டும். அதை ஒரு வசதியான அளவில் வைத்துவிட்டால் அப்புறம் தொடக் கூடாது. மற்ற எல்லாவற்றையும் அதற்குத்தான் பொருத்துகிறோம். தவிலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தாளம் முக்கியமான ஆட்டப் பாட்டுக்கு அது சரி. சொல் விளங்க வேண்டிய பக்திப் பாட்டுக்குக் குரலிலிருந்து போவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அடுத்து தவில். ஃபேடரை மெதுவாக ஏற்றி, குரலை முட்டும் இடத்தைப் பிடியுங்கள். பிறகு தாளம் காணாமல் போகும்வரை இறக்குங்கள். இந்த இரண்டுக்கும் இடையில் ஓரிடத்தில் நிறுத்திவிட்டு அடுத்த ட்ராக்குக்குப் போங்கள். இங்கே மீட்டரை நம்பாதீர்கள். தவிலின் அடி சட்டென்று எழுந்து சட்டென்று விழும். மீட்டரில் -6-ஐத் தொட்டாலும் காதுக்கு மெதுவாகவே படும். நாகஸ்வரம் விடாமல் இழுப்பது; -12-இல் இருந்தாலே ஊரைக் கூட்டும். ஜால்ரா இன்னும் மோசம். மீட்டர் அசையவே அசையாது, ஆனால் காது மிகக் கூர்மையாக இருக்கும் 3, 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேதான் அதன் ஆட்டம் முழுவதும். காது சொல்வதை வைத்தே அதன் அளவை முடிவு செய்யுங்கள், முடிவு செய்த பிறகு இன்னும் 2 டெசிபல் குறையுங்கள். குழாய் ஸ்பீக்கர் அந்த இடத்தைத்தான் தூக்கிக் காட்டும்.

ஆர்மோனியமும் பின்பாட்டும் ஆச்சியின் குரல் இருக்கும் அதே இடத்தில் மோதுபவை. முன்பாட்டு வரி வரும்போது ஆர்மோனியம் ஒரு படி கீழே, பின்பாட்டு திருப்பிச் சொல்லும்போது அது சமமாக. சுருதிப் பெட்டிக்கு ஒரு சோதனை: பாட்டு ஓடும்போது அதை மியூட் செய்யுங்கள். ‘என்னவோ குறைகிறதே’ என்று தோன்றினால் அளவு சரி. மியூட் செய்வதற்கு முன்பே அது தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தால் கூடுதல்.

ஒரே அளவில் பாட்டு முழுதும் நிற்காது. சரணத்தில் ஆச்சி தாழ்ந்த சுரத்துக்கு இறங்கும்போது வார்த்தை மூழ்கும். ‘வேலவா’ என்று மேலே எடுக்கும்போது குத்தும். ஃபேடர் இடத்துக்கு இடம் தானே நகரும்படி குறித்து வைக்கும் ஆட்டோமேஷன் இதற்குத்தான். வரி வரியாகக் கேட்டு, மூழ்கும் சொல்லை 2, 3 டெசிபல் தூக்குங்கள், குத்துவதை அதே அளவு இறக்குங்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் முதல் மிக்ஸில் செய்கிற எல்லாவற்றிலும் அதிகப் பலன் தருவது இதுதான், கம்ப்ரெஸர் போட்டு நசுக்கினாலும் இவ்வளவு இயல்பாக வராது. மாஸ்டரின் உச்சம் -6 பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் மாஸ்டரைக் குறைக்காமல், எல்லா ஃபேடரையும் சேர்த்துப் பிடித்து ஒரே அளவில் இறக்குங்கள்.

ஃபேஸ்

புதியவர்கள் பயந்து ஒதுங்கும் இடம் இது. உண்மையில் இரண்டே சிக்கல்தான்: அலை தலைகீழாகத் திரும்பியிருப்பது, அலை தாமதமாக வருவது. ஒரே ஒலி இரண்டு ட்ராக்கில் இருந்தால்தான் இவை தலைகாட்டும்.

தலைகீழ் முதலில். தவிலின் இரு பக்கமும் மைக் வைத்திருக்கிறீர்கள். குச்சியால் அடிக்கும்போது அந்தப் பக்கத் தோல் உள்ளே போகிறது, தன் மைக்கை விட்டு விலகுகிறது. உள்ளே அடைபட்ட காற்று அழுந்தி எதிர்ப்பக்கத் தோலை வெளியே, அதாவது அதன் மைக்கை நோக்கித் தள்ளுகிறது. ஒரு மைக் இழுக்கும்போது இன்னொன்று தள்ளுகிறது. இரண்டையும் கூட்டினால் அடிநாதம் ஒன்றையொன்று தின்றுவிடும். தவில் தகரம் தட்டுவதுபோல் ஆகிவிட்டது என்றால் பெரும்பாலும் இதுதான்.

செய்ய வேண்டியது: இரண்டு தவில் ட்ராக்கையும் சோலோ செய்து, பான் நடுவில், மோனோவில், இரண்டும் ஒரே அளவில் வையுங்கள். ஒன்றில் மட்டும் அலையைத் தலைகீழாகத் திருப்பும் போலாரிட்டி பொத்தானை அழுத்துங்கள், வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறியாக இருக்கும். அழுத்தி, எடுத்து, மாறி மாறிக் கேளுங்கள். எந்த நிலையில் அடி கனமாக விழுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அலைவடிவத்தைப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். மைக் வைத்த இடத்தைப் பொறுத்து எந்தப் பக்கமும் ஜெயிக்கலாம்.

இப்போது தாமதம். நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகிறது. அதாவது 35 சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிநொடி. ஆச்சியின் மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. பின்பாட்டு மைக்கிலும் அவர் குரல் கசிகிறது, ஆனால் ஒன்றரை மீட்டர் தள்ளி. ஆக அந்தக் கசிவு சுமார் 4 மில்லிநொடி பிந்தி வருகிறது. ஒரு மில்லிநொடி தாமதமுள்ள இரண்டு நகல்களைச் சம அளவில் கூட்டினால் 500 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம், 1500-இல் ஒன்று, 2500-இல் ஒன்று என்று சீப்பின் பல்போல் வரிசையாக விழும். தாமதம் கூடினால் பள்ளங்கள் நெருங்கும். குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆவது இதனால்தான். ஈக்யூவால் இதைச் சரி செய்ய முடியாது, பள்ளத்தில் தூக்க எதுவும் மிச்சம் இல்லை.

மூன்று வழிகள் உண்டு. ஒன்று, ஆச்சி மட்டும் பாடும் இடங்களில் பின்பாட்டு ட்ராக்கை மியூட் செய்துவிடுவது; பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். இரண்டு, பின்பாட்டு ட்ராக்கைச் சில மில்லிநொடி முன்னே நகர்த்திப் பொருத்துவது. பெரிதாக்கிப் பார்த்து, ‘ப’, ‘த’ போன்ற வெடிக்கும் எழுத்து இரண்டு ட்ராக்கிலும் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடித்து நகர்த்துங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. நாகஸ்வர மைக்கில் தவிலும், தவில் மைக்கில் நாகஸ்வரமும் கசிந்திருந்தால், ஒன்றுக்குச் சரி செய்ய நகர்த்துவது மற்றதைக் கெடுக்கும். இரண்டில் எந்தக் கசிவு பலமோ அதற்கு மட்டும் சரி செய்துவிட்டு மற்றதை விட்டுவிடுங்கள். மூன்றாவது வழி அடுத்த பதிவுக்கு: மைக்குக்கும் பாடுபவருக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்காவது அடுத்த மைக் தள்ளி இருக்கட்டும். கசிவு 9 டெசிபலுக்கும் மேல் தணிந்துவிடும், பள்ளம் ஆழமாக விழாது.

கேபிளையும் சந்தேகியுங்கள். உள்ளூரில் சால்டரிங் போட்டு வாங்கிய மைக் கேபிளில் 2-ஆம், 3-ஆம் பின்கள் இடம் மாறியிருப்பது உண்டு. இரண்டு மைக்கையும் ஒட்டி வைத்துப் பேசிப் பாருங்கள். இரண்டையும் சேர்த்தால் குரல் மெலிந்துபோனால் ஒரு கேபிள் தலைகீழ்.

இதைவிட ஆபத்தான ஒன்று: மைக் செட் மிக்ஸரின் பேலன்ஸ்டு அவுட்டிலிருந்து லேப்டாப்பின் ஸ்டீரியோ உள்ளீட்டுக்கு நேரே ஒரு கேபிள் போட்டுப் பதிந்திருப்பது. அந்த அவுட் ஒரே ஒலியை நேராக ஒன்று, தலைகீழாக ஒன்று என்று அனுப்பும். லேப்டாப் அதை இடது, வலது என்று வாங்கிக்கொள்ளும். ஹெட்ஃபோனில் பாட்டு விசித்திரமாக விரிந்து, நடுவில் ஆளில்லாமல் கேட்கும். மோனோவுக்குப் போட்டால் இரண்டும் கழிந்து ஒன்றும் மிஞ்சாது. பயப்பட வேண்டாம்: ஒரு பக்கத்தை அழித்துவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பதிவு முழுசாக அங்கேதான் இருக்கிறது.

இடவலம்

இப்போது ஸ்டீரியோவைத் திறக்கலாம். இதுவரை செய்தது சரியாக இருந்தால் இங்கே வேலை குறைவு.

ஆச்சியின் குரல், தவிலின் குச்சிப் பக்கம், சுருதி மூன்றும் நடுவில். ஆர்மோனியம் இடப்பக்கம் 30 சதவீதம், நாகஸ்வரம் வலப்பக்கம் 30 சதவீதம். ஜால்ரா இன்னும் கொஞ்சம் வலப்பக்கம். பின்பாட்டை இரண்டு தடவை தனித்தனியாகப் பாடவைத்துப் பதிந்திருந்தால் ஒன்றை இடப்பக்கமும் இன்னொன்றை வலப்பக்கமும் தள்ளுங்கள், குரல் வளவு முழுக்க நிறைந்ததுபோல் விரியும். ஒரே பதிவை நகலெடுத்து இருபுறமும் வைத்தால் விரியாது, நடுவிலேயே சத்தம் கூடும், அவ்வளவுதான். அந்த நகலை 15, 20 மில்லிநொடி பிந்தவிட்டு அகலமாக்கும் தந்திரம் ஒன்று உண்டு. ஹெட்ஃபோனில் பிரமாதமாக இருக்கும். குழாயில், மேலே சொன்ன சீப்புப் பள்ளங்கள் எல்லாம் திரும்ப வந்துவிடும்.

எடை ஒரு பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பாட்டில் நாகஸ்வரம் இடையிசையில் மட்டும்தான் வருகிறது. சரணம் ஓடும்போது வலப்பக்கம் ஜால்ரா மட்டும் மிஞ்சும், ஆர்மோனியம் பாட்டை இடப்பக்கம் இழுக்கும். சரணத்தில் ஆர்மோனியத்தின் பான் அளவை 15 சதவீதத்துக்குக் குறைத்தால் தீரும். ஒரு ட்ராக்கைப் பானில் ஓரத்துக்குத் தள்ளும்போது ஒலியளவும் மாறலாம். நடுவில் இருக்கும் ஒலியை எவ்வளவு குறைப்பது என்பது மென்பொருளுக்கு மென்பொருள் வேறு. அதனால் பான் மாற்றிய பிறகு ஃபேடரை மறுபடி ஒரு பார்வை பாருங்கள்.

சாய்வு பாட்டில் இருக்கிறதா, உங்கள் காதில் இருக்கிறதா என்று அறிய ஹெட்ஃபோனை இடவலம் மாற்றி மாட்டுங்கள். கனம் மறு காதுக்குப் போனால் மிக்ஸில் சாய்வு. அதே காதிலேயே நின்றால் மிக்ஸைத் தொடாதீர்கள். ஹெட்ஃபோனில் இடதும் வலதும் காதோடு காதாகப் பிரிந்துவிடுவதால் பான் எப்போதும் மிகைப்படும். ஸ்பீக்கரில் அதே அளவு பாதியாகத்தான் தெரியும்.

கோரிலேஷன் மீட்டர் (இடதும் வலதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டுவது) என்று ஒன்று இருந்தால் மாஸ்டரில் போடுங்கள். முள் +1 பக்கம் இருந்தால் மோனோவுக்குப் பயமில்லை, 0-வைச் சுற்றினால் நல்ல அகலம். கீழே -1 பக்கம் போய் அங்கேயே உட்கார்ந்தால் ஏதோ ஒரு ட்ராக் தலைகீழ். ஒவ்வொன்றாக மியூட் செய்து கண்டுபிடியுங்கள். கணநேரம் கீழே எட்டிப் பார்ப்பதற்கெல்லாம் கவலைப்பட வேண்டாம்.

வெளியே அனுப்புவது

ஒரு இரவு தள்ளிப் போட்டு, காலையில் மோனோவிலும் ஸ்டீரியோவிலும் மாற்றிக் கேளுங்கள். மோனோவுக்குப் போகும்போது ஓரத்தில் இருப்பவை கொஞ்சம் தணியலாம், அது சகஜம். ஒரு வாத்தியமே காணாமல் போனால் ஃபேஸ் பகுதிக்குத் திரும்புங்கள். செல்போனில், காரில், சமையலறைப் புளூடூத் பெட்டியில் என்று மூன்று இடத்தில் கேட்டு, மூன்றிலும் உறுத்துவதை மட்டும் திருத்துங்கள்.

யூடியூபுக்கு -14 எல்யூஎஃப்எஸ் (பாட்டு முழுதின் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) பக்கத்தில் இருந்தால் போதும். அதைவிடச் சத்தமாக ஏற்றினால் அவர்களே இறக்கிவிடுவார்கள். உச்சம் -1 டெசிபலைத் தாண்ட வேண்டாம்.

மைக் செட்காரருக்குத் தனியாக ஒரு மோனோ கோப்பு கொடுங்கள். செல்போனிலிருந்தோ பென்டிரைவ் பெட்டியிலிருந்தோ ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வயரில் பலர் இடப்பக்கத்தை மட்டும் இணைத்திருப்பார்கள். ஸ்டீரியோ கோப்பைக் கொடுத்தால் வலப்பக்கம் வைத்த நாகஸ்வரம் அமுங்கிவிடும். அந்தக் கோப்பில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். குழாய் அதை ஒலிக்கப் போவதில்லை, ஆம்ப்ளிஃபயரின் சக்தியும் மிச்சம். பெயரிலேயே ‘மோனோ, மைக் செட்டுக்கு’ என்று எழுதிவிடுங்கள். ஆம்ப்ளிஃபயரின் டிரெபிள் திருகை மைக் செட் அண்ணன் முழுசாகத் திருப்பி வைத்திருந்தால், ஜால்ரா ஒலிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே நடுவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.